மதுரை மத்திய சிறையில் ஒரு நாள்: மாலை ஆறு மணிக்குப் பிறகுதான் கேள்வி

கேள்வி சுருக்கமாக இது: "என் தம்பிக்கு 22 வயது. ஊர்த் திருவிழாவில் நடந்த அடிதடி வழக்கில் கைதாகி, மதுரை மத்திய சிறையில் ரிமாண்டில் இருக்கிறான். உள்ளே நாள் முழுவதும் என்ன செய்வார்கள்? விளையாட்டு, டிவி, புத்தகம் எல்லாம் உண்டா? மனு பார்க்க, அதாவது மனு கொடுத்து அவனை நேரில் சந்திக்க, போனால், 'பொழுதே போக மாட்டேன் என்கிறது அக்கா' என்பதைத் தவிர வேறு எதையும் சொல்ல மாட்டேன் என்கிறான். நாங்கள் என்ன செய்யலாம்?"

உங்கள் தம்பி எதையோ மறைப்பதற்காக அப்படிச் சொல்கிறான் என்று நினைக்காதீர்கள், அம்மா. அவன் சொன்னது முழு உண்மை. தென் மாவட்டச் சிறைகளில் எழுத்தறிவு வகுப்பு எடுத்து ஓய்வு பெற்றவன் நான். வெளியே இருப்பவர்கள் என்னிடம் எப்போதும் கேட்பது சாப்பாடு எப்படி, அடிப்பார்களா, கொசு உண்டா என்றுதான். உள்ளே இருப்பவர்கள் என்னிடம் அதிகம் பேசியது பொழுதைப் பற்றி. அதிலும் தண்டனை பெற்றவர்களைவிட, வழக்கு இன்னும் முடியாத ரிமாண்ட் ஆட்கள்தான் இந்தக் குறையை அதிகம் சொல்வார்கள். அதற்குக் காரணம் இருக்கிறது. மற்ற எல்லாமே அதிலிருந்துதான் கிளைப்பதால், அங்கிருந்தே தொடங்குகிறேன்.

சிறையில் இருவகை ஆட்கள். தீர்ப்பாகி உள்ளே இருப்பவர் தண்டனைச் சிறைவாசி. வழக்கு நடக்கும்போது உள்ளே வைக்கப்பட்டிருப்பவர் விசாரணைச் சிறைவாசி. 1894-ஆம் ஆண்டுச் சிறைச் சட்டம் இந்த இருவரையும் கலக்காமல் தனித்தனியே வைக்கச் சொல்கிறது. கடுங்காவல் தண்டனை பெற்றவர் வேலை செய்தாக வேண்டும். ஒரு நாளைக்கு ஒன்பது மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்பதும் அதே சட்டம்தான். விசாரணைச் சிறைவாசியைக் கட்டாயப்படுத்தி வேலை வாங்க முடியாது. அவர் சொந்த உடையை உடுத்திக்கொள்ளலாம், அனுமதி பெற்று வெளியிலிருந்து சில பொருள்களை வரவழைத்துக்கொள்ளலாம். குற்றம் நிரூபிக்கப்படாதவருக்குக் காட்டும் மரியாதையாகத்தான் சட்டம் இதை எழுதியது. நடைமுறையில் அந்த மரியாதையின் பலன் என்ன தெரியுமா? வெள்ளைச் சட்டை போட்ட ஆயுள் சிறைவாசி காலையில் எழுந்தால் தறிக்கோ சமையற்கட்டுக்கோ போக வேண்டும் என்று ஒரு வேலை காத்திருக்கும். உங்கள் தம்பிக்குக் காலையில் எழுந்து போக ஓர் இடம் கிடையாது.

நாள் எப்படி நகரும் என்று சொல்கிறேன். சிறைக்குச் சிறை கால்மணி, அரைமணி முன்னே பின்னே இருக்கலாம். காலை ஆறு மணி வாக்கில் திறப்பு. திறந்தவுடன் தலை எண்ணுவார்கள். இரவு அடைத்த கணக்கும் காலையில் திறக்கும் கணக்கும் ஒத்துப்போனால்தான் மற்றது நகரும். பிறகு குளியல், காலை உணவு. "களி தின்னப் போகிறாயா" என்று இன்னமும் ஊரில் மிரட்டுகிறார்கள். களிக்காலம் எப்போதோ முடிந்துவிட்டது. பொங்கல், உப்புமா என்று ஹோட்டல் பலகாரங்களின் எளிய உறவினர்கள்தான் இப்போது தட்டுக்கு வருகிறார்கள். வாரத்தில் கோழிக்கறி நாள் உண்டு. அன்றைக்குத் தொகுதியில், அதாவது சிறைவாசிகள் தங்கும் பிளாக்கில், காலையிலிருந்தே பேச்சு வேறு மாதிரி இருக்கும். மதியச் சாப்பாடு வெளியுலகக் கணக்கில் சீக்கிரம் வந்துவிடும். மாலைச் சாப்பாடு அதைவிடச் சீக்கிரம், ஐந்து மணிக்கு முன்னாலேயே வாங்கித் தட்டில் வைத்து மூடிக்கொள்ள வேண்டியதுதான். மறுபடி தலை எண்ணிக்கை. ஆறு மணிக்கெல்லாம் அடைப்பு.

இந்த ஆறு மணியைத்தான் கவனிக்க வேண்டும். மாலை ஆறிலிருந்து மறுநாள் காலை ஆறு வரை பன்னிரண்டு மணி நேரம். அதில் எட்டு மணி நேரம் தூங்கினாலும் மீதி நான்கு மணி நேரம் கதவு பூட்டிய அறையில். இருபத்திரண்டு வயதுப் பையனுக்கு எட்டு மணி நேரத் தூக்கம் முதல் மாதத்தில் வராது. விளக்கை முழுவதும் அணைக்கமாட்டார்கள். காவலர் ரோந்து வரும்போது ஆள் தெரிய வேண்டும். மதுரைச் சிறை புது ஜெயில் ரோட்டில், அரசரடிக்கும் ஆரப்பாளையத்துக்கும் இடையே, ஊரின் நடுவில் இருப்பது. பெயரில்தான் புது, கட்டடம் வெள்ளைக்காரன் காலத்தது. மதிலுக்கு அந்தப் பக்கம் ஆரப்பாளையம் பேருந்து நிலையம் போகும் பஸ்களின் ஹாரன், கல்யாண மண்டப மேளம், தேர்தல் நேரத்தில் ஒலிபெருக்கி என்று ஊர் காதில் விழுந்துகொண்டே இருக்கும். நடுக்காட்டில் இருக்கும் சிறையைவிட இது நல்லதா கெட்டதா என்று உள்ளே இருப்பவர்களிடமே இரண்டு கட்சி உண்டு.

சித்திரைத் திருவிழா நாளில் அந்த வேறுபாடு நன்றாகத் தெரியும். அழகர் ஆற்றில் இறங்குவதைத் தொகுதியிலுள்ள டிவியில் பார்ப்பார்கள். வைகை, நடந்து போய்விடக்கூடிய தூரம். பெரிய வழக்குகளில் இருப்பவர்கள்கூட எழுந்து நின்று திரையைப் பார்த்துக் கும்பிடுவார்கள். வெளியூர்க்காரர் யாராவது, "டிவியிலே கும்பிட்டா சாமிக்குத் தெரியுமா?" என்று கேட்டுவிட்டால் அன்று முழுக்க அவருக்கு ஏச்சுதான்.

சரி, விளையாட்டுக்கு வருகிறேன். மத்திய உள்துறை அமைச்சகத்தின் 2016 மாதிரிச் சிறைக் கையேடு கபடி, வாலிபால், சதுரங்கம், கேரம், இசை, நாடகம், நூலகம், தொலைக்காட்சி என்று நீளமாகவே பேசுகிறது. சிறைவாசிகளை நடத்தும் முறை குறித்து ஐ.நா. 2015-இல் ஏற்றுக்கொண்ட நெல்சன் மண்டேலா விதிகள், வெளிவேலை இல்லாத சிறைவாசிக்கு நாள்தோறும் குறைந்தது ஒரு மணி நேரம் திறந்தவெளியில் உடற்பயிற்சி வேண்டும் என்கின்றன. தமிழ்நாட்டு மத்தியச் சிறைகளில் வாலிபாலும் கேரமும் பொதுவாக உண்டு. பொங்கல், சுதந்திர தினம் போன்ற நாள்களை ஒட்டிப் போட்டிகள் நடக்கும். இந்தியன் ஆயில் நிறுவனம் 2021 ஆகஸ்ட் 15 அன்று 'பரிவர்த்தன்' என்ற பெயரில் சிறைகளில் விளையாட்டுப் பயிற்சி தொடங்கியது. சென்னை புழல் சிறையும் அதில் சேர்ந்தது. அந்த முயற்சியில் பயிற்சி பெற்ற புணே எரவாடா சிறைக்காரர்கள் சிறைவாசிகளுக்கான பன்னாட்டு இணையவழிச் சதுரங்கப் போட்டியில் 2023-இல் தங்கம் வாங்கினார்கள்.

இதெல்லாம் செய்தித்தாளில் வருகிற விளையாட்டு. உங்கள் தம்பி விளையாடுவது பெரும்பாலும் வேறாக இருக்கும். சமையற்கட்டில் புளி கரைத்தால் கொட்டை மிஞ்சும். அந்தப் புளியங்கொட்டையை எடுத்து, சிமெண்டுத் தரையில் ஒரு பக்கம் மட்டும் வெள்ளை தெரிகிற வரை உரசுவார்கள். உரசுவதே ஒரு மாலை வேலை. ஆறு கொட்டை கிடைத்தால் தாயம் தயார். கட்டத்தைச் செங்கல் துண்டால் தரையில் கோடு போட்டுக்கொள்வார்கள். காய்க்கு இரண்டு நிறச் சட்டைப் பொத்தான், வேப்பங்கொட்டை, கிழிந்த செருப்பின் துண்டு. பக்கத்தில் ஆடுபுலி ஆட்டம் நடக்கும். உசிலம்பட்டி, செக்கானூரணிப் பக்கத்துப் பெரியவர்கள் அதில் கைதேர்ந்தவர்கள்; படித்த பையன்களை மூன்று புலியால் மூலைக்கு ஒதுக்கிவிட்டு மீசையைத் தடவிக்கொள்வார்கள். சோப்பைச் செதுக்கிச் சதுரங்கக் காய் செய்பவர்களும் உண்டு. குதிரையின் பிடரிமயிரைக் கீறுவதற்கு ஊசி கிடைக்காமல் மீன் முள்ளைப் பத்திரப்படுத்தி வைத்திருந்த ஒருவரை எனக்குத் தெரியும். கழுவும் நாளில் அந்தத் தரைக்கோடுகளை அழிக்கச் சொல்வார்கள். மறுநாள் அதே இடத்தில் அதே கோடு இருக்கும்.

சீட்டுக்கட்டு உள்ளே வராது. சூதாட்டம் சிறைக் குற்றம். ஆனால் பந்தயம் இல்லாமல் ஆண்கள் கூடி விளையாடுவது நம் ஊரில் நடக்காத காரியம். தாயத்தில் தோற்றவன் பிஸ்கட் பொட்டலம் கொடுக்க வேண்டும், துணி துவைத்துக் கொடுக்க வேண்டும் என்று தொடங்கும். பீடி அங்கே பணம் மாதிரி. கேன்டீனில் வாங்கியதை எண்ணி வைத்துக் கடன் கொடுப்பவர்கள் எல்லாத் தொகுதியிலும் இருப்பார்கள். உங்கள் தம்பிக்கு ஒன்று சொல்லிவையுங்கள்: விளையாடலாம், கடன் வைக்கக் கூடாது. உள்ளே ஏற்படும் கைகலப்புகளில் பாதிக்குப் பின்னால் ஒரு சின்னக் கடன் இருக்கும். இருபது ரூபாய்ப் பெறாத பொருளுக்கு மண்டை உடைந்து, புதிதாக ஒரு வழக்குச் சேர்ந்தவர்கள் உண்டு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், தென் மாவட்டத்துக்காரர்களாக இருந்துகொண்டு இதை விழுங்கிவிட்டுப் பேச முடியாது. வாலிபால் அணி பிரிக்கும்போது யார் யாருடன் நிற்கிறார்கள் என்று பார்த்தால் சாதி தெரியும். மோதல் வராமல் இருக்கத்தான் தனித்தனியாக வைக்கிறோம் என்பது அதிகாரிகள் காலங்காலமாகச் சொல்லிவந்த சமாதானம். 2024 அக்டோபர் 3 அன்று பத்திரிகையாளர் சுகன்யா சாந்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம், சாதியை வைத்துச் சிறையில் வேலை பிரிப்பதும் ஆளைப் பிரித்து வைப்பதும் அரசியலமைப்புக்கு விரோதம் என்று தீர்ப்பளித்தது. பாளையங்கோட்டைச் சிறையில் சாதிவாரியாகத் தொகுதி பிரித்த விவகாரமும் அந்த வழக்கில் பேசப்பட்டது. தீர்ப்பு வந்துவிட்டால் மறுநாளே எல்லாம் மாறிவிடாது என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். திருவிழா அடிதடியில் உள்ளே போன பையனை, "நம்ம ஆளு" என்று தோளில் கைபோட்டு அழைக்க ஒரு கூட்டம் முதல் வாரத்திலேயே வரும். சாப்பாட்டில் பங்கு கொடுப்பார்கள், படுக்க நல்ல இடம் பிடித்துத் தருவார்கள். பையனுக்குப் போக இடமும் செய்ய வேலையும் இருந்தால் அந்தக் கூட்டத்தின் பிடி தளரும். இல்லையென்றால் அவனுடைய காலி நேரத்தை அவர்கள்தான் எடுத்துக்கொள்வார்கள். ஜாமீனில் வந்த பிறகும் விடமாட்டார்கள். நான் சிறையில் பொழுதுபோக்கு வேண்டும் என்று இத்தனை காலம் வாதாடியதற்கு இதுதான் காரணம். "கோழிக்கறி, டிவி, கேரம் போர்டு... ஜெயிலா லாட்ஜா?" என்று கேட்பவர்கள் இந்தக் காலி நேரத்தை யார் நிரப்புகிறார்கள் என்று ஒருமுறை விசாரித்துப் பார்க்கட்டும்.

புத்தகம் உண்டா என்று கேட்டீர்கள். உண்டு, முன்பைவிட நன்றாகவே உண்டு. சிறைத்துறை 2023 சென்னைப் புத்தகக் காட்சியில் 'கூண்டுக்குள் வானம்' என்ற பெயரில் அரங்கு போட்டு, வாசகர்களிடமிருந்து சிறைவாசிகளுக்காகப் புத்தகங்களைக் கொடையாக வாங்கியது. மதுரைச் சிறை நூலகத்துக்கும் அந்த ஆண்டுகளில் நிறைய நூல்கள் வந்து சேர்ந்தன. எதைப் படிக்கிறார்கள் என்பதில் வெளியாருக்கு ஒரு கற்பனை இருக்கிறது: குறளும் தன்னம்பிக்கை நூலும் என்று. நான் பார்த்த வரை முதலில் தீர்ந்துபோவது துப்பறியும் நாவல். அடுத்தது சரித்திரக் கதை. தொடர் தொடராகப் போகிற பெரிய கதைகளுக்கு வரிசையே நிற்கும். மூன்றாவது சட்டப் புத்தகம். ஒவ்வொரு தொகுதியிலும் ஒரு 'வக்கீல்' இருப்பார். எட்டாம் வகுப்புகூடத் தாண்டியிருக்கமாட்டார், ஆனால் எந்தப் பிரிவுக்கு எத்தனை ஆண்டு என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். அவர் சொல்வதில் முக்கால் பங்கு சரியாக இருக்கும். மீதிக் கால் பங்குதான் ஆபத்து.

படிக்கத் தெரியாதவர்களுக்கு எழுத்தறிவு வகுப்பு நடக்கும். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு எழுதுகிறவர்களுக்குச் சிறைக்குள்ளேயே தேர்வு மையம் வைக்கும் ஏற்பாடு தமிழ்நாட்டில் உண்டு. அதற்கு மேல் இந்திராகாந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் படிப்புகளில் சேரலாம். உங்கள் தம்பி எங்கே விட்டான் என்று நீங்கள் எழுதவில்லை. பன்னிரண்டில் ஏதாவது பாடம் நின்றிருந்தால் இப்போதே கேளுங்கள். "ரெண்டு மாசத்தில் வெளியே வந்துவிடுவான், எதற்குப் படிப்பு?" என்று வீட்டில் சொல்வார்கள். ரெண்டு மாதமோ இருபது மாதமோ, பாடப் புத்தகம் கையில் இருக்கிறவனை அந்தக் கூட்டம் கொஞ்சம் தள்ளியே வைக்கும். பரீட்சைக்குப் படிக்கிறான் என்பது உள்ளே மரியாதைக்குரிய சாக்கு.

வேலை பற்றி ஒரு சொல். கட்டாயப்படுத்த முடியாது என்றேனே தவிர, தானாக விரும்பி வேலை கேட்பதைச் சட்டம் தடுக்கவில்லை. நூலகத்தில் அடுக்கி வைப்பது, தோட்டம், சமையற்கட்டு எடுபிடி என்று கேட்டுப் பார்க்கலாம்; கிடைப்பது அங்குள்ள அதிகாரியையும் இடத்தையும் பொறுத்தது. தண்டனைச் சிறைவாசிகளுக்கு நெசவு, மருத்துவமனைக் கட்டுத்துணி, அரசு அலுவலகங்களுக்கான உறை, தின்பண்டம் என்று தொழில்கள் உண்டு. சிறை வாசலுக்கு வெளியே சிறைச் சந்தையில் அவர்கள் செய்ததை மதுரைக்காரர்கள் வாங்கிப் போவதைப் பார்த்திருப்பீர்கள். வேலைக்குக் கூலி உண்டு. கூலி தர வேண்டும் என்று 1998-இல் உச்ச நீதிமன்றம் உறுதியாகச் சொன்னது. அந்தக் கூலியில் ஒரு பங்கைக் குற்றத்தால் பாதிக்கப்பட்டவருக்கு ஒதுக்குவது பற்றியும் அதே தீர்ப்பு பேசியது. நன்னடத்தைக்கும் வேலைக்கும் தண்டனையில் கழிவு நாள்கள் கிடைக்கும். நீண்ட தண்டனை பெற்றவர்களில் நம்பகமானவர்களைத் திறந்தவெளிச் சிறைக்கு அனுப்புவார்கள். நமக்குப் பக்கத்தில் சிவகங்கை மாவட்டம் புரசடை உடைப்பில் அப்படி ஒன்று இருக்கிறது. அங்கே மதில் கிடையாது, விவசாயமும் ஆடு மாடும்தான். அங்கிருந்து வந்தவர் ஒருவரிடம் என்ன வித்தியாசம் என்று கேட்டேன். "ராத்திரி எழுந்தா நட்சத்திரம் தெரியுது சார். மாடு கன்னு போடுதான்னு பார்க்க என்னை நம்பி எழுப்புறாங்க" என்றார்.

உங்கள் தம்பிக்கு இந்தக் கழிவெல்லாம் இப்போது கிடையாது. ஆனால் ரிமாண்டில் இருக்கும் ஒவ்வொரு நாளும் கணக்கில் இருக்கிறது. பின்னால் தண்டனை வந்தால் அதில் கழித்துக்கொள்வார்கள். அதைவிட முக்கியம், 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 479-ஆம் பிரிவு. முன்பு எந்த வழக்கிலும் தண்டிக்கப்படாதவர், அந்தக் குற்றத்துக்கான உச்சபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்குக் காலத்தை ரிமாண்டில் கழித்துவிட்டால் ஜாமீனில் விடுவிக்கப்பட வேண்டும், மற்றவர்களுக்குப் பாதி. மரண தண்டனை, ஆயுள் தண்டனைக்குரிய குற்றங்களுக்கு இது பொருந்தாது. ஒன்றுக்கு மேற்பட்ட வழக்கு நிலுவையில் இருந்தாலும் பொருந்தாது. உரிய காலம் வந்ததும் நீதிமன்றத்துக்கு எழுத வேண்டியது சிறைக் கண்காணிப்பாளரின் கடமை என்று அந்தப் பிரிவே சொல்கிறது. அடிதடி வழக்கில் அதுவரை போகாமல் முன்பே ஜாமீன் வந்துவிடும் என்றுதான் நம்புகிறேன். வக்கீலுக்குப் பணமில்லையென்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள். 15100 என்ற எண்ணில் இலவசச் சட்ட உதவி பற்றி விசாரிக்கலாம். அரசரடிப் பக்கம் டீக்கடையில் நின்றுகொண்டு, "உள்ளே நமக்கு ஆள் இருக்கு, தம்பிக்கு நல்ல பிளாக் வாங்கித் தர்றேன்" என்று சொல்பவரிடம் ஒரு பைசா கொடுக்காதீர்கள்.

இனி நீங்கள் என்ன செய்யலாம் என்பது.

மனு பார்க்க ஒழுங்காகப் போங்கள். வாரா வாரம் முடியாவிட்டால், முடிகிற நாளை முன்கூட்டியே சொல்லி, அந்த நாளில் தவறாமல் போங்கள். கூட்டமாக ஒரே நாளில் ஐந்து பேர் போய் அழுதுவிட்டு, அடுத்த மூன்று வாரம் யாரும் எட்டிப் பார்க்காமல் இருப்பது மிக மோசம். அவனுக்கு வியாழக்கிழமை அக்கா வருவாள் என்று தெரிந்தால், புதன்கிழமை துணி துவைப்பான், முகச்சவரம் செய்வான், சொல்ல வேண்டியதை மனதில் அடுக்குவான். மூன்று நாளுக்கு வேலை கிடைத்துவிடும். ஆதார் அட்டையை மறக்காதீர்கள். முன்பதிவு வேண்டுமா என்பதை வாசலில் கேட்டுக்கொள்ளுங்கள். பதிவு செய்த எண்களுக்குத் தொலைபேசி அழைப்பும் காணொலி அழைப்பும் வரம்புக்கு உட்பட்டு உண்டு. உங்கள் எண்ணைப் பதிவு செய்திருக்கிறானா என்று பாருங்கள். நிறையப் பையன்கள் காதலியின் எண்ணைக் கொடுத்துவிட்டு, அது எடுக்கப்படாமல் போனதும் வீட்டு எண்ணைச் சேர்க்கக் கூச்சப்பட்டுக்கொண்டு இருந்துவிடுவார்கள்.

பார்க்கும்போது வழக்கைப் பற்றி மட்டும் பேசாதீர்கள். வீட்டில் நடக்கும் சண்டையைச் சொல்லவே சொல்லாதீர்கள். அவனால் ஒன்றும் செய்ய முடியாது, அடைப்புக்குப் பிறகு அந்த நான்கு மணி நேரமும் அதையே மென்றுகொண்டிருப்பான். அதற்குப் பதில் முடிவெடுக்க ஏதாவது கொடுங்கள். பின்பக்கக் கதவுக்கு என்ன பெயின்ட் அடிக்கலாம், வெள்ளாட்டுக்குட்டியை விற்கலாமா வைத்துக்கொள்ளலாமா, பைக்கை யாரிடம் கொடுத்து ஓட்டச் சொல்லலாம். அவனுடைய சொல்லுக்கு வீட்டில் இன்னும் மதிப்பிருக்கிறது என்பது தெரிந்தால் பையன் நிமிர்ந்து உட்காருவான். அடுத்த முறை போகும்போது, "நீ சொன்னபடிதான் செய்தோம்" என்று சொல்ல மறக்காதீர்கள்.

முதல் சில வாரங்கள் கவனமாக இருக்க வேண்டிய காலம். சாப்பாட்டை வேறு யாருக்காவது கொடுத்துவிடுகிறான், குளிப்பதில்லை, கண்ணைப் பார்த்துப் பேசமாட்டேன் என்கிறான், "எனக்கென்ன, நீங்கள் நன்றாக இருங்கள்" என்கிற மாதிரிப் பேச்சு வருகிறது என்றால், அன்றைக்கே சிறை நல அலுவலரைப் பார்த்துச் சொல்லிவிட்டு வாருங்கள். வெட்கப்பட வேண்டாம். மருத்துவரும் மனநல ஆலோசகரும் பார்ப்பார்கள். அவர்களுக்கு நீங்கள் சொன்னால்தான் தெரியும். நூற்றுக்கணக்கான பேரில் ஒருவன் பேசாமல் இருப்பது கண்ணில் படாது. பொழுது போகவில்லை என்று அவன் வாய்விட்டுச் சொல்கிற வரை எனக்குப் பெரிய கவலை இல்லை.

புத்தகம் கொடுக்க நினைத்தால் தடித்த அட்டை போட்டது வேண்டாம், கம்பிச் சுருள் போட்ட நோட்டும் வேண்டாம், வாசலிலேயே திருப்பிவிடுவார்கள். பழைய மெல்லிய அட்டைப் புத்தகம் நல்லது. உள்ளே எதையும் எழுதி, மடித்து வைக்காதீர்கள், ஒரு பஸ் டிக்கெட்கூட இருக்கக் கூடாது. பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்ப்பார்கள். படிக்கிற பழக்கமே இல்லாத பையன் என்றால் நாவல் கொடுத்துப் பயனில்லை. குறுக்கெழுத்துப் போட்டி, கணக்குப் புதிர், கிரிக்கெட் பத்திரிகை ஏதாவது கொடுங்கள். ஓவியம் வரைகிற கை என்றால் வெள்ளைத்தாளும் பென்சிலும் அனுமதி கேட்டுக் கொடுங்கள். குழந்தையின் போட்டோவைப் பார்த்து வரைந்து கொடுப்பவனுக்கு உள்ளே தனி மதிப்பு. வரைந்து வாங்க வரிசை நிற்கும், பிஸ்கட்டும் வரும். அவனுக்குத் தொகுதியில் யாரையும் அண்டி நிற்க வேண்டிய தேவை வராது.

கடைசியாக, கடிதம். போனும் வீடியோவும் வந்த பிறகு யார் எழுதுகிறார்கள் என்று கேட்பீர்கள். போன் பேச்சு வைத்தவுடன் போய்விடும். கடிதத்தை இரவு அடைப்புக்குப் பிறகு எடுத்துப் படிக்கலாம், மறுநாளும் படிக்கலாம், பக்கத்துப் படுக்கைக்காரருக்கும் படித்துக் காட்டலாம். பதில் எழுத ஒரு மாலை பிடிக்கும். அதிகாரிகள் பிரித்துப் படித்துத்தான் கொடுப்பார்கள் என்பதால் வழக்கு விவரம் எதுவும் வேண்டாம். ஊரில் மழை பெய்ததா, கண்மாய் பெருகியதா, யார் வீட்டில் காதுகுத்து, ஜல்லிக்கட்டில் யார் மாடு பிடிபடாமல் போனது என்று எழுதுங்கள். உறையில் அவன் பெயர், தகப்பனார் பெயரோடு விசாரணைச் சிறைவாசி எண்ணையும் சேர்த்து எழுதினால் தாமதமில்லாமல் போய்ச் சேரும். ஒரே பெயரில் நான்கைந்து பேர் இருப்பார்கள். எண் தெரியாவிட்டால் அடுத்த மனுவின்போது அவனிடமே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.